‘நானும் வரட்டா?’: சின்னக் குழந்தைகள் விளையாட்டில் சேர்வதும் நண்பராவதும்

மணல் தொட்டியில் இரண்டு குழந்தைகள் மும்முரமாகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். மூன்றாவதாக ஒரு குழந்தை வந்து, “நானும் வரட்டா?” என்று கேட்கிறது. “வேணாம், நாங்கதான் விளையாடறோம்” என்று பட்டென்று பதில் வருகிறது. சுற்றி நிற்கும் பெரியவர்களுக்குத் தர்மசங்கடம். ஒரு வீட்டாருக்கு ‘என் பிள்ளையை ஒதுக்குகிறார்களே’ என்ற வருத்தம். இன்னொரு வீட்டாருக்கு ‘இப்படியா வளர்த்தோம்’ என்ற கூச்சம். கடைசியில் யாராவது ஒருவர் குறுக்கே புகுந்து, “எல்லாரும் சேர்ந்து விளையாடுங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அத்தோடு அந்த விளையாட்டு படுத்துவிடும்.

மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் நட்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பகிர்ந்துகொள்வது, மன்னிப்புக் கேட்பது, அடிக்காமல் இருப்பது என்று நல்லொழுக்கப் பட்டியலுக்குப் போய்விடுகிறோம். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு அன்றாடம் முன்னால் வந்து நிற்கும் சிக்கல் வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குள் எப்படி நுழைவது? நுழைந்த பிறகு எப்படி உள்ளேயே தாக்குப்பிடிப்பது? இதற்குப் பெரியவர்கள் உதவ முடியும். நாம் வழக்கமாகச் செய்யும் உதவிதான் பல நேரம் பலிப்பதில்லை.

மறுப்பது ஏன் என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு மழலையர் பள்ளியில் மாதக்கணக்கில் குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்து கவனித்தார். ‘பெரிய பில்’ என்று குழந்தைகளே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கண்டது இது: இந்த வயதில் சேர்ந்து விளையாடுவது மிக எளிதில் கலைந்துவிடும் விஷயம். யார் ஓட்டுநர், எது பாலம், எங்கே ஆறு என்று இருவர் ஒத்துப்போய் விளையாட்டைத் தொடங்கவே பாடுபட வேண்டியிருக்கிறது. யாராவது வந்தால், மணி அடித்தால், ஒரு பொம்மை உருண்டு ஓடினால் அது அறுந்துபோகும். அது குழந்தைகளுக்கும் தெரியும். புதிதாக வருபவரை அவர்கள் தடுப்பது பெரும்பாலும் ஆள் பிடிக்காததால் இல்லை. கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அதே குழந்தையை அடுத்த பத்து நிமிடத்தில் சேர்த்துக்கொள்வதும் உண்டு. பெரியவர்கள்தான் அந்த ‘வேணாம்’ஐ வீடு வரை தூக்கிக்கொண்டு போகிறோம்.

கோர்சாரோ தானே அந்தக் கூட்டத்தில் சேர்ந்த விதமும் சுவாரஸ்யமானது. பெரியவர்கள் குழந்தைகளை நெருங்கும்போது கேள்வி கேட்பார்கள்: என்ன செய்றீங்க, இது என்ன கலர்? அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. அவர்கள் விளையாடும் இடத்தில் போய்ப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். அவர்களாகத் தன்னிடம் வரும்வரை காத்திருந்தார்.

வயதும் படிக்கட்டும்

குழந்தை விளையாட்டைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு பட்டியல் வரும்: சும்மா இருப்பது, தனியாக விளையாடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, கலந்து விளையாடுவது, கூடித் திட்டமிட்டு விளையாடுவது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் குழந்தைகளைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் வெளியிட்ட வகைப்பாடு இது. வயது கூடக்கூடக் கூட்டு விளையாட்டு அதிகமாகிறது என்று அவர் காட்டினார். அது சரிதான். ஆனால் காலப்போக்கில் இந்தப் பட்டியல் ஏதோ ஏறியே தீரவேண்டிய படிக்கட்டு போல ஆகிவிட்டது. ‘நாலு வயசாச்சு, இன்னும் பக்கத்துல உக்காந்துதான் விளையாடறான்’ என்று கவலைப்படும் பெற்றோர் எத்தனையோ பேர்.

பிற்கால ஆய்வுகள் இந்தக் கவலையை ஓரளவு தணிக்கின்றன. ரோஜர் பேக்மனும் ஜான் பிரவுன்லியும் 1980-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயதுக் குழந்தைகளின் விளையாட்டு எந்த வரிசையில் மாறுகிறது என்று பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி விளையாடுவதற்கு அடுத்தபடியாக, சில நிமிடங்களிலேயே, சேர்ந்து விளையாடுவது வந்தது. அதாவது பக்கத்தில் உட்காருவதுதான் உள்ளே போகும் வழி. அப்படி உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து, “ஏன் தனியா இருக்க, போய்ச் சேர்ந்துக்கோ” என்று தள்ளினால், அது கிட்டத்தட்ட செய்து முடித்த வேலையைக் கலைக்கிறோம்.

தனியாக விளையாடுவதிலும் இரண்டு ரகம் உண்டு. ஒரு குழந்தை தன் பாட்டுக்குக் கட்டைகளை அடுக்குகிறது, படம் வரைகிறது, யாராவது பேசினால் இயல்பாகப் பதில் சொல்கிறது. அதற்கு அந்த நேரத்தில் தனிமை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு குழந்தை கையில் எதுவும் இல்லாமல் ஓரமாக நின்று மற்றவர்களையே பார்க்கிறது. போகவும் ஆசை, போகவும் பயம். உதவி தேவைப்படுவது இரண்டாவது குழந்தைக்கு.

இந்த வயதில் மூளைக்குள் நடக்கும் இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஹைன்ஸ் விம்மரும் யோசப் பெர்னரும் 1983-ல் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லெட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்த பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லெட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபட ஆரம்பிக்கிறது. ஆகவே மூன்று வயதுக் குழந்தையிடம் “அவன் என்ன நெனச்சிருப்பான், யோசிச்சுப் பாரு” என்பது கொஞ்சம் பெரிய கேள்வி. “அவன் அழறான் பாரு, கட்டடம் இடிஞ்சுபோச்சுன்னு வருத்தமா இருக்கான்” என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் புரிந்துகொள்ளும். இதனால் இந்த வயதுக்கு இரக்கமே கிடையாது என்றாகிவிடாது. பதினெட்டு மாதக் குழந்தைகளே, கைக்கு எட்டாத பொருளுக்குத் தவிக்கும் பெரியவருக்கு அதை எடுத்துக் கொடுப்பதை ஃபீலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006-ல் காட்டினார்கள். மனம் இருக்கிறது, அடுத்தவர் கண்ணால் பார்க்கத்தான் இன்னும் வரவில்லை.

நுழைவது எப்படி

“நானும் வரட்டா?” என்று கேட்கச் சொல்லிக் கொடுப்பது நாம் தான். மரியாதையான கேள்வி, தப்பே இல்லை. ஆனால் அதற்குச் சுலபமான பதில் ‘வேணாம்’. மார்த்தா புட்டலாஸும் ஜான் காட்மனும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. சற்றுப் பெரிய பிள்ளைகள்தான் என்றாலும் விஷயம் இங்கேயும் பொருந்தும். சக பிள்ளைகளுக்கு அதிகம் பிடிக்காத குழந்தைகள் ஒரு குழுவில் சேரப் போகும்போது கேள்வி கேட்டார்கள், தங்களைப் பற்றியே பேசினார்கள், நடப்பதை மறுத்துப் பேசினார்கள். கவனத்தைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். குழு அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. எளிதில் சேர்ந்துகொண்ட குழந்தைகள் அங்கே என்ன நடக்கிறது என்று பிடித்துக்கொண்டு அதோடு பொருந்திப் போனார்கள்.

மழலையர் பள்ளியில் கெட்டிக்காரக் குழந்தை ஒன்று சேருவதைக் கவனித்தால் இது அப்படியே தெரியும். முதலில் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் செய்வதையே தானும் செய்யும். கொஞ்ச நேரம் கழித்து விளையாட்டுக்கு ஏற்ற ஒரு வார்த்தை: “இந்த மண்ணெல்லாம் எங்க கொட்றது? என்கிட்ட லாரி இருக்கு.” அதன் பிறகு ‘வேணாம்’ என்று சொல்ல யாருக்கும் தோன்றாது, லாரி தேவைப்படுகிறது அல்லவா.

பெரியவர்கள் செய்யக்கூடிய நல்ல உதவி இந்த இடத்தில்தான். தயங்கி நிற்கும் குழந்தையின் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, அது பார்ப்பதையே நாமும் பார்க்கலாம். “என்ன பண்றாங்க?” “பள்ளம் தோண்டறாங்க.” “தண்ணி ஊத்தினா நல்லா இருக்குமோ? வாளி அங்க இருக்கு.” ஒரு வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும். விலகுவது முக்கியம். பெரியவர் ஒருவர் அங்கேயே நின்றால் விளையாட்டு அவரைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடும். எல்லாரும் அவரிடமே பேசுவார்கள். முதல் தடவை பலிக்காவிட்டால், “கொஞ்ச நேரம் கழிச்சு வேற மாதிரி கேட்டுப் பாக்கலாம்” என்றால் போதும். வீட்டில் பொம்மைகளை வைத்து இதை ஒத்திகை பார்க்கலாம். கரடியும் யானையும் கடை வைத்து விளையாடுகின்றன, முயல் எப்படிச் சேரும்? குழந்தை முயலுக்குத் தடவைக்கு ஒரு வழி சொல்லும். சில சமயம் முயல் கடையைக் கொள்ளையடிக்கும். பரவாயில்லை.

“அவனையும் சேத்துக்கோங்க” என்று மேலிருந்து கட்டளை போட்டால் என்ன? உடல் உள்ளே போகும், விளையாட்டில் இடம் கிடைக்காது. ஆனால் ஒரே குழந்தையைத் தினமும், எல்லாரும், திட்டமிட்டு ஒதுக்கினால் அது வேறு கதை. அங்கே ஆசிரியர் தலையிட்டே ஆக வேண்டும். ‘விளையாட வராதே என்று யாரும் யாரையும் சொல்லக் கூடாது’ என்று வகுப்பு முழுவதற்கும் விதி வைத்துப் பார்த்த ஆசிரியர்களும் உண்டு. வகுப்பறைக்கு அது நல்ல விதி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் விதி கதவைத் திறந்துவிடும். உள்ளே போனபின் லாரி ஓட்டத் தெரிய வேண்டும்.

நுழைந்த பிறகு தாக்குப்பிடிக்கப் பாவனை விளையாட்டைப் போலப் பயிற்சி வேறு இல்லை. “நான் டாக்டராம், நீ பேஷன்ட்டாம், உனக்குக் கால் உடைஞ்சுபோச்சாம்” என்று ஆரம்பித்தால், கால் உடைந்தவர் எழுந்து ஓடக் கூடாது. சும்மா படு என்று சொன்னால் ஒரு நிமிடம் படுக்காத குழந்தை, நோயாளியாக இருந்தால் அசையாமல் படுத்திருக்கும். கற்பனை விளையாட்டுக்குள் எப்போதும் விதி ஒளிந்திருக்கிறது என்றும், அங்கே குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றும் ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1933-ல் ஆற்றிய உரையில் சொன்னார். விளையாட்டை விடவும் யார் டாக்டர் என்று பேரம் பேசுவதில் அதிக நேரம் போகும். அதை வீண் என்று நினைக்க வேண்டாம். விட்டுக்கொடுப்பதும் கேட்டு வாங்குவதும் அந்தப் பேரத்தில்தான் பழகுகிறது. இதற்கு விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டியதில்லை. பெரிய அட்டைப்பெட்டி, பழைய போர்வை, கட்டைகள் போதும். ஒருவரால் தூக்க முடியாத பெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது, இன்னொருவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

பகிர்வு, சண்டை, மன்னிப்பு

பகிர்ந்துகொள்ளச் சொல்லி வற்புறுத்துவதைப் பற்றி ஒரு நல்ல சோதனை உண்டு. நாடியா செர்னியாக், தமார் குஷ்னிர் இருவரும் 2013-ல் வெளியிட்டது. சோகமாக இருக்கும் ஒரு கைப்பொம்மைக்குக் குழந்தைகள் ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். சிலர், தாங்களே வைத்துக்கொள்ளலாம் அல்லது கொடுக்கலாம் என்ற நிலையில், தாங்களாக முடிவு செய்து கொடுத்தார்கள். சிலரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டது. பின்னர் வேறொரு பொம்மையோடு பகிர வாய்ப்பு வந்தபோது, தாமாக முடிவெடுத்தவர்களே தாராளமாகக் கொடுத்தார்கள். பிடுங்கிக் கொடுத்தால் அடுத்த தடவைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை போலிருக்கிறது. 2011-ல் இன்னொரு ஆய்வு: மூன்று வயதுக் குழந்தைகள் சேர்ந்து உழைத்துப் பெற்ற பரிசைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள், உழைப்பில்லாமல் சும்மா கிடைத்தபோது அந்த அளவு பிரிக்கவில்லை. ‘பங்கிட்டுக்கொள்’ என்று சொல்வதைவிட, சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுப்பது பலனளிக்கும்.

நடைமுறையில், “அவ விளையாடி முடிச்சதும் உனக்கு” என்பது நியாயமான ஏற்பாடு. பாதியில் பிடுங்கினால் அடுத்த முறை பொம்மையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் குழந்தை பழகும். விருந்தினர் குழந்தை வரும் முன், எதைக் கொடுக்க மனமே வராதோ அதை உள்ளே எடுத்து வைத்துவிடலாம். நாமும் எல்லாவற்றையும் எல்லாருக்கும் இரவல் கொடுப்பதில்லையே.

சண்டை வரும். நண்பர்களுக்குள்ளும் வரும், காலையில் காய் விட்டு மதியம் பழம் விடுவார்கள். வில்லார்ட் ஹார்டப்பும் அவருடைய சகாக்களும் 1988-ல் மழலையர் பள்ளிக் குழந்தைகளின் சண்டைகளை ஒப்பிட்டார்கள். நண்பர்களின் சண்டை மற்றவர்களின் சண்டையைவிட அடிக்கடி வந்தது என்றோ குறைவாக வந்தது என்றோ சொல்ல முடியவில்லை. ஆனால் கடுமை குறைவாக இருந்தது, விலகிப்போய் முடித்துக்கொண்டார்கள், முடிந்த பிறகும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்தார்கள். எனவே சண்டையே இல்லாத நட்பை எதிர்பார்க்க வேண்டாம். குரல் உயர்ந்த உடனே ஓடாமல் சில நொடிகள் பொறுத்துப் பார்க்கலாம். கை ஓங்கினால் மட்டும் உடனே போய்த் தடுக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. மற்றபடி பார்த்ததைச் சொன்னால் போதும்: “ரெண்டு பேருக்கும் அந்தச் சிவப்புக் கட்டைதான் வேணும். என்ன பண்ணலாம்?” நான்கு வயதுக்குழந்தைகள் சொல்லும் தீர்வு நமக்கு அநியாயமாகப் படலாம். இருவரும் ஒப்புக்கொண்டால் நாம் திருத்த வேண்டியதில்லை. கட்டிப் புரண்டு விளையாடுவதும் சண்டை மாதிரியே இருக்கும். முகத்தில் சிரிப்பு, துரத்துபவரும் ஓடுபவரும் மாறி மாறி, விட்டால் திரும்ப வருவது, இவை இருந்தால் விளையாட்டு. ஒருவரே எப்போதும் கீழே கிடந்தால், தப்பிக்கப் பார்த்தால், நிறுத்துங்கள்.

மன்னிப்பு விஷயத்தில் நாம் வார்த்தைக்கு ரொம்ப மதிப்புக் கொடுக்கிறோம். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் கோப்பைகளால் கட்டிய கோபுரத்தை ஒருவர் இடித்துவிடும் சோதனை 2016-ல் வந்தது. இடித்தவர் மன்னிப்புக் கேட்டபோதும் குழந்தைகளின் மனம் அவ்வளவாக ஆறவில்லை; திரும்பக் கட்ட உதவியபோதுதான் ஆறியது. சின்னக் குழந்தையிடம் “ஸாரி சொல்லு” என்று முதுகைத் தள்ளுவதற்குப் பதில், “இப்ப அவளுக்கு என்ன செஞ்சா சரியாகும்?” என்று கேட்டு, அதைச் செய்யத் துணையிருக்கலாம். வார்த்தை பின்னால் வரும்.

வீட்டுப் பக்கம்

பெற்றோர் செய்யும் மிக உருப்படியான காரியம் விளையாட ஆள் ஏற்பாடு செய்வது. ஒரே ஒரு குழந்தை, குறைந்த நேரம், இருவரும் களைக்கும் முன் முடித்துவிடுவது. எங்கே இருந்து கவனிக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. காரி லாட், பெக்கி கோல்டர் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் விளையாட்டில் கூடவே இருந்து மேற்பார்வை செய்த பெற்றோரின் பிள்ளைகளைவிட, சற்றுத் தள்ளியிருந்து கண்காணித்த பெற்றோரின் பிள்ளைகளைப் பள்ளித் தோழர்கள் அதிகம் ஏற்றுக்கொண்டார்கள். இது எதனால் எது என்று நிரூபிக்காது. தடுமாறும் குழந்தையின் பெற்றோர்தான் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். ஆனாலும் பக்கத்து அறை நல்ல தூரம்.

கூச்சமுள்ள குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய ஆளையும் இடத்தையும் கண்டு சுருங்கும் இயல்பு சில குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே இருப்பதை ஜெரோம் கேகன் நீண்டகாலம் ஆராய்ந்தார். வளர்ப்பில் வந்த குறை என்று நொந்துகொள்ளத் தேவையில்லை. அவர்களை நிறைந்த கூட்டத்துக்குள் தாமதமாகக் கூட்டிப்போவது பெரிய சோதனை. முதல் ஆளாகப் போய்விட்டால் மற்றவர்கள் அவர்களிடம் வந்து சேருவார்கள். குழந்தை கேட்கும்படி “இவ யார்கூடவும் பேச மாட்டா” என்று அறிமுகப்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடலாம். இன்னொரு வழி பலருக்குத் தோன்றாதது. 1979-ல் வின்டல் ஃபர்மனும் ஹார்டப்பும் இன்னொரு சகாவும், ஒதுங்கியே இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளைப் பத்து தடவை இன்னொரு குழந்தையோடு தனியாக விளையாட விட்டார்கள். சிலருக்குச் சம வயது ஜோடி, சிலருக்கு ஒரு வயதுக்கு மேல் சின்ன ஜோடி. வகுப்புக்குத் திரும்பிய பிறகு அதிகம் கலந்து பழகியவர்கள், சின்னக் குழந்தையோடு விளையாடியவர்கள். சின்னவர்களோடு இருக்கும்போது இவர்களே வழிநடத்த வேண்டியிருக்கிறது, அது பலிக்கவும் செய்கிறது. ‘இவன் எப்பவும் சின்னப் பசங்ககூடவே சேர்றான்’ என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இதை யோசிக்கலாம்.

கற்பனை நண்பர்களைப் பற்றி ஒரு வரி: பயப்பட வேண்டாம். ஏழு வயதுக்குள் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அப்படி ஒருவர் இருந்திருப்பார் என்று மார்ஜரி டெய்லரின் ஆய்வுகள் சொல்கின்றன. தனிமையின் அடையாளமாக அதை அவர் பார்க்கவில்லை.

எப்போது மருத்துவரிடம் பேச வேண்டும்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலின்படி, பெரும்பாலான குழந்தைகள் இரண்டரை வயதில் மற்றவர்கள் பக்கத்தில் விளையாடுவார்கள், சில சமயம் சேர்ந்தும் விளையாடுவார்கள். மூன்று வயதில் மற்ற குழந்தைகளைக் கவனித்துப் போய்ச் சேருவார்கள். நான்கு வயதில், யாரும் இல்லையென்றால் விளையாடப் போகணும் என்று கேட்பார்கள். வேறொருவராகப் பாவனை செய்வார்கள். ஒன்றிரண்டு மாத வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, எதையும் சுட்டிக் காட்டாதது, பாவனை விளையாட்டு சுத்தமாக இல்லாதது, முன்பு பேசிய வார்த்தைகள் நின்றுபோவது, இவற்றில் ஏதாவது இருந்தால் ‘வளர வளரச் சரியாகும்’ என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அப்போது காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் தங்கும் குழந்தைக்கு, கூச்சலும் கும்மாளமுமான அறையில் பாதிப் பேச்சு விழாது. எல்லாரும் எந்த விளையாட்டுக்கு மாறினார்கள் என்றே தெரியாமல் அது ஓரமாக நின்றுகொண்டிருக்கலாம்.